வேலைக்கு வந்தவருக்கு டீ கொடுத்தீர்களா? மனதில் நிற்கும் ஒரு சம்பவம் சொல்லுங்கள்

திருநகர் தாழ்வாரம்

போன சித்திரையில் நடந்தது, அழகர் மலைக்குத் திரும்பிய மறுநாள். பாத்ரூம் சுவரில் ஓதம், டைல்ஸை உடைத்துப் பைப் மாற்றும் வேலை. அந்தக் கதை எல்லார் வீட்டிலும் உள்ளதுதான், விட்டுவிடுகிறேன்.

பிளம்பருக்கு ஐம்பது தாண்டியிருக்கும். கையாள் இல்லை, தனியாக வந்தார். பதினோரு மணிக்கு டீ கொடுத்தேன். நாங்கள் குடிக்கும் அதே எவர்சில்வர் டம்ளர்தான். கொதிக்கிற டீயை உதட்டில் படாமல் அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். "ஆத்திக் குடிங்கண்ணே, நாக்கு வெந்துரும்" என்றேன். சிரித்தார். குடித்து முடித்துக் கொல்லைக் குழாயடிக்குப் போனார். முதலில் கையில் ஒட்டியிருந்த சிமெண்டைத் தேய்த்துக் கழுவினார். அப்புறம் டம்ளரை உள்ளும் புறமும் விளக்கி, துவைக்கிற கல்லின் மூலையில் கவிழ்த்தார். எடுக்கப் போன என்னிடம், "உள்ள எடுத்துக்கிருவீங்களாம்மா, இல்ல அங்கனயே இருக்கட்டுமா?" என்று கேட்டார். மெயின் ஸ்விட்ச் எந்தப் பக்கம் என்று கேட்கிற அதே குரலில் கேட்டார்.

"சரிண்ணே" என்றேன். கேட்டதற்கு அது பதிலே இல்லை. டம்ளரை உள்ளே எடுத்துப் போனேன். ஆனால் அடுப்படி மேடையில் மற்ற டம்ளர்களோடு வைக்கவில்லை, தொட்டி ஓரத்தில் தனியாக வைத்தேன். யாரும் வைக்கச் சொல்லவில்லை. மாமியார்கூட அன்றைக்கு ஊரில் இல்லை. நானாகத்தான் வைத்தேன்.

மேலூர் ரோட்டுக்காரன்

எங்கள் வீட்டுத் தளம் போட்ட நாள், ஒத்தக்கடை தாண்டி. காங்கிரீட் அன்றைக்கு ஆட்களுக்குக் கறிச்சோறு போடுவது நம் பக்கத்து வழக்கம். அப்பா சமையலுக்கு ஆள் சொல்லிவிட்டார். முதல் நாள் சாயங்காலம் மேஸ்திரி வந்து, "சோறு வேணாங்கய்யா, தலைக்கு இருநூறுன்னு காசாக் குடுத்துருங்க, நான் பிரிச்சுக் குடுத்துர்றேன்" என்றார். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. இருந்தாலும் இருபத்தெட்டுப் பேருக்கு எண்ணிக் கொடுத்தார், 5,600 ரூபாய்.

வேலை முடியும்போது மணி மூன்றரை. ஆம்பளை ஆட்கள் பரோட்டாக் கடைக்குப் போய்விட்டார்கள். சித்தாள்கள் ஏழு பேர் வேப்பமர நிழலில் மணல் குவியலை ஒட்டி உட்கார்ந்து தூக்குவாளியைத் திறந்தார்கள். பழைய சோறு, சின்ன வெங்காயம், ஒரு ஊறுகாய்ப் பொட்டலம். அம்மா ஒருத்தியிடம் போய், "சாப்பாட்டுக் காசு வந்துருச்சாம்மா?" என்று கேட்டாள். அந்த அக்கா கையில் எடுத்த சோற்றை வாயில் போடாமல், மேஸ்திரி நின்ற பக்கம் ஒரு தடவை பார்த்தார். "வந்துரும்க்கா" என்றார். அதற்குப் பிறகுதான் அந்த வாய்ச் சோறு உள்ளே போனது.

வந்ததா வரவில்லையா, இன்றுவரை தெரியாது. அம்மா ஒரு தட்டு நிறைய மோர் மிளகாய் வறுத்துக்கொண்டு வந்து வைத்தாள்.

சைட் அனுபவஸ்தன்

மேலூர் ரோட்டுத் தம்பிக்கு. தப்பு உங்கள் அப்பா மேல்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பது வருடம் கட்டட மேற்பார்வை பார்த்தவன் சொல்கிறேன், சாப்பாட்டுக் காசை மேஸ்திரி கையில் மொத்தமாகக் கொடுக்கவே கூடாது.

என் அனுபவம் சின்னதுதான். வாடிப்பட்டியில் ஒரு வீடு. வீட்டுக்காரர் நல்ல மனசுக்காரர், பன்னிரண்டரைக்கே இலையைப் போட்டு "வாங்க வாங்க" என்று எல்லாரையும் ஒன்றாக உட்கார வைத்துவிட்டார். நான் மேலே நின்று கத்துகிறேன், யார் காதிலும் விழவில்லை. பாயசம் வரைக்கும் பரிமாறினார். இன்றைக்கும் ஐப்பசி மழையில் அந்தத் தளத்தின் குறுக்கே ஒரு கோட்டில் ஒழுகுகிறது.

ஏனென்றால் சிமெண்டில் தண்ணீர் பட்டபிறகு அது நமக்காகக் காத்திருக்காது. சாதாரண சிமெண்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் இறுக ஆரம்பிக்கக் கூடாது என்பது தர விதி, அதற்கு மேல் வெயிலைப் பொறுத்தது. மதுரை வெயில் எப்படி என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பாதித் தளத்தில் நிறுத்தி ஒரு மணி நேரம் கழித்துப் புதுக் கலவையைக் கொட்டினால், பழசும் புதுசும் ஒட்டாமல் அந்த இடம் ஒரு மூட்டாக நின்றுவிடும். தண்ணீர் அது வழியாகத்தான் இறங்கும். அதனால் சோறு போடுகிறவர்கள் ஆட்களை நாலு நாலாகக் கூப்பிடுங்கள். மிக்சர் ஓட்டுகிறவரையும் வைப்ரேட்டர் பிடிக்கிறவரையும் ஒரே பந்தியில் உட்கார வைக்காதீர்கள். இல்லாவிட்டால் தளம் முடிந்தபிறகு போடுங்கள், அதுவரை பத்து மணிக்கு வடையும் டீயும், வெயில் ஏறினால் மோரும் போதும். மோரில் உப்பைத் தாராளமாகப் போடுங்கள், வேர்வையில் போனது திரும்ப வேண்டும். டீயில் சீனியைத் தனியாக வையுங்கள், இப்போது கொத்தனார்களிலும் பலருக்குச் சுகர். சாந்துக் கையோடு சாப்பிட உட்காருகிறவர்களுக்கு சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும் முதலில் வையுங்கள், சிமெண்ட் தோலை அரிக்கும். கார்த்திகை, மார்கழியில் மாலை போட்டவர் உண்டா என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். புரட்டாசிச் சனிக்கிழமை கறி எடுக்காதீர்கள். நிலை வைக்கிற அன்றைக்கு ஆசாரிக்கு வேட்டி துண்டும் தட்சிணையும் தனி, அதைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

திருநகர் தங்கச்சிக்கும் ஒன்று. அந்த பிளம்பர் மாலை போட்டிருப்பார், அதனால்தான் டம்ளரில் வாய் வைக்கவில்லை. நீங்களாக எதையோ நினைத்துக் குழம்புகிறீர்கள்.

திருநகர் தாழ்வாரம்

சித்திரை மாதம் என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறேன் அண்ணா. சித்திரையில் யார் மாலை போடுவார்கள்?

வைகை வடகரை

என்னுடையது ரெண்டு வரி. எலக்ட்ரீஷியன் பாய், பல வருடப் பழக்கம். மத்தியானம் வந்தார், நான் எப்போதும்போல டீயை நீட்டினேன். வாங்கிக்கொண்டார், "வைங்கம்மா, குடிக்கிறேன்" என்றார். அவர் போனபிறகு பார்த்தால் டீ ஆடை கட்டி ஜன்னல் திட்டில் அப்படியே இருக்கிறது, மேலே எறும்பு விழாமல் ஸ்விட்ச் பெட்டி அட்டையால் மூடி வைத்திருக்கிறார். ரம்ஜான் பிறந்து மூன்றாம் நாள். எதிர் பள்ளிவாசலில் இருந்து தினமும் சாயங்காலம் நோன்புக் கஞ்சி வாங்கி வந்து குடிக்கிற வீடு எங்கள் வீடு. எனக்கு நினைவில்லை.

தள்ளி நிற்பவன்

எல்லாவற்றையும் சாதிக் கண்ணாடி போட்டே பார்க்க வேண்டுமா? எங்கள் வீட்டில் கொரோனாவுக்குப் பிறகு வெளியாள் யார் வந்தாலும் பேப்பர் கப்தான். சொந்தச் சித்தப்பா வந்தாலும் அதுதான். சுத்தம் வேறு, தீண்டாமை வேறு.

மேலூர் ரோட்டுக்காரன்

சித்தப்பாவுக்குப் பேப்பர் கப்பில் கொடுத்த போட்டோ இருந்தால் போடுங்கள் சார், நம்புகிறேன். அப்புறம், பிளாஸ்டிக் பூச்சு உள்ள பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. எந்தக் கடையில் வாங்குகிறீர்கள்?

எங்கள் ஊர் டீக்கடையில் தாத்தா காலத்தில் கண்ணாடி கிளாஸ் ஒரு பக்கம், கொட்டாங்குச்சி ஒரு பக்கம். அப்பா காலத்தில் கிளாஸ் ஒரு பக்கம், வேறு நிற கிளாஸ் ஒரு பக்கம். பேப்பர் கப் வந்ததும் கடைக்காரர்தான் முதலில் சந்தோஷப்பட்டார். மீனாட்சி கோயிலுக்குள் எல்லாரும் போய் 1939 ஜூலையோடு எத்தனை வருடம் ஆகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். தீண்டாமையை ஒழித்த 17-வது பிரிவும் 1950-லிருந்து இருக்கிறது. அந்த பிளம்பர் எத்தனை வீட்டில் பட்டிருந்தால் முதல் டீக்கே டம்ளரை எங்கே வைக்கட்டும் என்று கேட்பார்?

தள்ளி நிற்பவன்

நான் ஒன்று சொன்னால் நீங்கள் கோயில் வரை போய்விட்டீர்கள். சரி, விடுங்கள்.

வில்லாபுரம் ஒயர்மேன்

எல்லாரும் கொடுக்கிற பக்கம் இருந்தே பேசுகிறீர்கள். நான் வாங்குகிற பக்கம். ஏசி, வயரிங் ரெண்டும் பார்ப்பேன், பன்னிரண்டு வருடம்.

நாங்கள் டீ வேண்டாம் என்றால் உங்களை அவமானப்படுத்துகிறோம் என்று நினைக்காதீர்கள். கோடையில் ஒரு நாளைக்கு ஏழெட்டு வீடு. வீட்டுக்கு ஒரு டீ என்றால் வயிறு என்ன ஆவது? அதைவிட முக்கியம், குடித்தது வெளியே போக வேண்டும். அதற்குத்தான் வழி இல்லை.

அண்ணா நகர்ப் பக்கம் ஒரு வீடு. மூன்றாவது மாடி, ஸ்பிளிட் ஏசிக்கு அவுட்டோர் மாட்டும் வேலை. காலை ஒன்பதரைக்குப் போனது மூன்று மணி வரை இழுத்துவிட்டது. அந்த வீட்டம்மா தங்கமான மனுஷி, பொய் சொல்லவில்லை. காபி, அப்புறம் ஜூஸ், மத்தியானம் வெண்டைக்காய் சாம்பாரோடு சோறு. "தம்பி இன்னொரு கரண்டி" என்று கையைப் பிடிக்காத குறை. சாப்பிட்டு எழுந்ததும், "பாத்ரூம் எங்கம்மா?" என்று கேட்டேன். அவர் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. சாம்பார் சொட்டு ஒன்று மேஜை விரிப்பில் விழுந்தது, அதைத் துடைத்துக்கொண்டே, "இங்க ரெண்டும் ரூமுக்குள்ள இருக்கு தம்பி. கீழ தெருமுனையில காலி பிளாட் ஒண்ணு இருக்கு, எல்லாரும் அங்கதான்" என்றார். மூன்று மாடி இறங்கிப் போய்விட்டு வந்தேன். திரும்பி வந்தபோது மேஜையில் எனக்கு ஒரு கிண்ணம் கேசரி இருந்தது.

நான் ஆம்பளை, காலி பிளாட் இருந்தது. மேலூர் ரோட்டு அண்ணன் சொன்ன அந்த ஏழு சித்தாள் அக்காமார் எங்கே போயிருப்பார்கள்? என் அம்மாவும் சித்தாள் வேலை பார்த்ததுதான். காலையில் ஆறரைக்கு வீட்டை விட்டுப் போனால் சாயங்காலம் வரை தண்ணீர் குடிக்காது. யாராவது மோர் கொடுத்தால் வாங்கிப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடும். 1996-ல் வந்த கட்டடத் தொழிலாளர் சட்டத்திலேயே குடிதண்ணீர், கழிப்பறை ரெண்டும் வேலை கொடுக்கிறவர் பொறுப்பு என்று எழுதியிருந்தது. ஆனால் பத்து லட்சத்துக்குள் சொந்த வீடு கட்டினால் அது பொருந்தாது என்றும் எழுதியிருந்தது. சங்கக் கூட்டத்தில் கேட்டு வைத்துக்கொண்டது.

சைட் அனுபவஸ்தன்

ஒயர்மேன் தம்பி சொல்வது நியாயம். ஆனால் சைட்டில் தற்காலிகக் கழிப்பறை போடுவதற்கும் ஒரு முறை இருக்கிறது. முதலில் மூன்றடிக்கு மூன்றடி

(மன்னிக்கவும், போனில் பாதியில் போய்விட்டது. இரவு முழுசாக எழுதுகிறேன்.)

கோமதிபுரம் அம்மாச்சி

எல்லாரும் சண்டை போடுகிறீர்களே என்று ஒரு நல்லது சொல்ல வந்தேன். அக்னி நட்சத்திரம். கிரானைட் பதிக்க ஒடிசாப் பையன்கள் ரெண்டு பேர். தமிழ் தெரியாது, எனக்கு அவர்கள் பாஷை தெரியாது. காலையில் இட்லி கொடுத்தேன், மரியாதைக்குத் தின்றார்கள் என்று பார்த்தாலே தெரிந்தது. இரண்டாம் நாள் நான் பின்கட்டில் உட்கார்ந்து நீராகாரச் சோற்றைப் பிழிந்து மோர் விட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு அது இல்லாமல் சித்திரை, வைகாசி ஓடாது. சின்னவன் தண்ணீர் கேட்க வந்தவன் சட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். "பகாளா?" என்றான். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சட்டியைக் காட்டி, தன் நெஞ்சைத் தொட்டு, "பகாளா, பகாளா" என்கிறான். அவர்கள் ஊரிலும் இதே பழைய சோறுதானாம், பேத்தி போனில் பார்த்துச் சொன்னாள்.

கொடுக்க எனக்குக் கூச்சம். வீட்டுக்கு வந்தவனுக்குப் பழையதைப் போடுவதா? அதற்குள் பெரியவனைக் கூப்பிட்டுவிட்டான். பச்சை மிளகாயும் வெங்காயமும் கேட்டு வாங்கிக் கடித்துக்கொண்டு ரெண்டு பேரும் சட்டியைக் காலி செய்தார்கள். அன்று எனக்கு உப்புமா. அதற்கப்புறம் ஆறு நாளும் ராத்திரி ஒரு படி அரிசி கூட வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தேன்.

சைட் அனுபவஸ்தன் தம்பி, நீங்கள் சொன்ன யோசனைகளில் இது ஒன்றும் இல்லையே.

மாட்டுத்தாவணி மாறன்

திருநகர் அக்கா, அந்த பிளம்பர் நம்பர் கிடைக்குமா? வேலை சுத்தமா? எங்கள் வீட்டிலும் சுவர் ஊறுகிறது.

திருநகர் தாழ்வாரம்

வேலை சுத்தம்தான். தனியாக நம்பர் அனுப்புகிறேன். போன மாதம் சமையலறைக் குழாய் கசிய ஆரம்பித்தது. ரெண்டு தடவை அவர் நம்பரை எடுத்தேன், கூப்பிடவில்லை. கடையில் டெஃப்லான் டேப் வாங்கி நானே சுற்றி, கீழே ஒரு டம்ளர் வைத்திருக்கிறேன். காலையில் எழுந்தால் பாதி நிறைந்திருக்கிறது.