எங்கயோ பாத்த மூஞ்சி: ஹாலிவுட் நடிகர் ஹாரி டீன் ஸ்டாண்டனை நீங்க மொதல்ல எதுல பாத்தீங்க?

மக்களே, என் கதைய மொதல்ல சொல்லிடறேன். 2012ல அவெஞ்சர்ஸ் தியேட்டர்ல பாக்குறேன், ஹல்க் வானத்துலேர்ந்து விழுந்து மறுபடி மனுசனா மாறி துணியில்லாம கெடப்பாருல்ல, அங்க ஒரு வயசான செக்யூரிட்டி வந்து நீ ஏலியனான்னு கேட்டுட்டு ஒரு பேண்ட்ட தூக்கிப் போடுவாரு. அவ்ளோதான் ரோலே. எல்லாரும் சிரிக்கிறாங்க, எனக்கு மட்டும் இந்தாள எங்கயோ பாத்திருக்கமேன்னு ஒரே குடைச்சல். வீட்டுக்கு வந்து தேடுனா, 1979ல வந்த ஏலியன் படத்துல பூனைய தேடிப் போய் மாட்டிக்கிட்டு சாவாரே பிரெட், அதே மனுசன்! இவரு வாயால ஏலியனான்னு ஒரு கேள்வி, செம குசும்பு.

அதுக்கப்புறம் எந்தப் படம் போட்டாலும் ஓரமா நிக்கிறாரு. க்ரீன் மைல் படத்துல மரண தண்டனை ஒத்திகைக்கு கைதிக்குப் பதிலா நாற்காலில உக்கார்றவரு கூட இவருதான். 1926ல அமெரிக்காவுல கென்டக்கில பொறந்து, ரெண்டாம் உலகப்போர்ல நேவி கப்பல்ல சமையல்காரரா இருந்து ஜப்பான்ல ஒகினாவா தீவு சண்டைய பாத்துட்டு வந்தவரு. அப்புறம் வருஷக்கணக்கா கவ்பாய் சீரியல்ல சின்னச் சின்ன ரோல். ஹீரோ சான்ஸ் வந்தப்ப வயசு அறுபதை நெருங்கிடுச்சு.

---

அந்த ஹீரோ படம் பாரிஸ், டெக்சாஸ் தானே ப்ரோ? காலேஜ் ஹாஸ்டல்ல லேப்டாப்ல பாத்தேன். செவப்பு தொப்பி போட்டுட்டு பாலைவனத்துல நடக்குறாரு, 20 நிமிஷத்துக்கு மேல ஒரு வார்த்த பேசல, ரூம்மேட் சவுண்டு போச்சான்னு கேட்டான். ஆனா கடைசில கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பொண்டாட்டி, இந்தப்பக்கம் இவரு, அவ மூஞ்சிய பாக்க முடியாம நாற்காலிய திருப்பிப் போட்டுக்கிட்டு பழசெல்லாம் சொல்லுவாரு பாருங்க, அப்ப அதே ரூம்மேட் வாயே தொறக்கல. 1984ல கான் திரைப்பட விழால பெரிய விருது அந்தப் படத்துக்குத்தான். நம்மாளுங்க அழுகைன்னா குரல ஒசத்தணும்னு நெனைக்கிறாங்க, இவரு இன்னும் கம்மி பண்ணிடறாரு.

---

எனக்கு தி ஸ்ட்ரெயிட் ஸ்டோரி, டேவிட் லிஞ்ச் டைரக்ட் பண்ண படம், 1999. வருஷக்கணக்கா பேசாத அண்ணன் தம்பி, அண்ணனுக்கு ஸ்ட்ரோக்குன்னு கேள்விப்பட்டு தம்பி புல்லு வெட்டுற மெஷின ஓட்டிக்கிட்டே ஸ்டேட் விட்டு ஸ்டேட் போவாரு. போய்ச் சேர்ற எடத்துல வாசல்ல ஸ்டாண்டன். ரெண்டு மூணு வரி டயலாக் தான், வண்டிய ஒரு பார்வ பாத்துட்டு இதுலயா வந்தன்னு கேப்பாரு, கண்ணு தளும்பிடும். அப்பாவோட சேர்ந்து பாத்தேன். அவரும் பெரியப்பாவும் நெலத் தகராறுல பேசுறதில்ல. இங்கிலீஷ் தெரியாது அவருக்கு. முடிஞ்சதும் "அந்தக் கெழவன் வர்ற எடத்த மறுபடி போடுடா"ன்னாரு.

---

மேல இருக்குற சகோ, அப்பாவுக்கு லக்கி படமும் போட்டுக் காட்டுங்க. அதுல இவரே 90 வயசு கெழவன், நேவில சமையல்காரரா இருந்த ஆளுதான் கேரக்டரே, லிஞ்ச் ஃப்ரெண்டா வந்து ஆமைய தொலச்சிட்டு பொலம்புவாரு. 2017 செப்டம்பர்ல 91 வயசுல ஸ்டாண்டன் போயிட்டாரு, அதே மாசக் கடைசில படம் அமெரிக்காவுல ரிலீஸ். பர்த்டே பார்ட்டில திடீர்னு ஸ்பானிஷ்ல பாட ஆரம்பிப்பாரு, அத மட்டும் ஹெட்போன்ல கேளுங்க.