புதுப்பிப்பு: கீழக்கரை வீட்டு மஹோகனி டிரெஸ்ஸிங் டேபிள், வெள்ளைப் படலம் போய்விட்டது

உம்மாவுக்கு அவங்க உம்மா கொடுத்த டிரெஸ்ஸிங் டேபிள் மழைக்காலத்துல வெள்ளை பூத்துப்போச்சு, இழுப்பறையும் திறக்கல என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

வேலை செய்தது "தேய்க்காதே, முதல்ல ஸ்பிரிட் வைத்துப் பார்" என்ற யோசனைதான். ஸ்பிரிட்டை (மர பாலிஷைக் கரைக்கும் ஆல்கஹால்) பஞ்சில் தொட்டு, மேசையின் பின்கால் ஓரத்தில் வைத்தேன். பூச்சு பிசுபிசுவென்று இளகியது. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும், அப்படியென்றால் அது அரக்கு பாலிஷ். உப்புத்தாளைத் தொடவே இல்லை. கடல் காற்றில் படிந்திருந்த உப்பை ஈரத்துணியால் ஒற்றி எடுத்து, நன்றாகக் காயவிட்டு, ஸ்பிரிட் தொட்டுப் பிழிந்த துணியை மேற்பலகையில் நிற்காமல் ஓட்டினேன். துணி கிட்டத்தட்ட உலர்ந்திருக்கணும், ஒரே இடத்தில் நின்றால் பூச்சு கழன்றுவிடும். பக்கத்தில் அடுப்பு, விளக்கு கூடாது. வெண்மை மறைந்து அந்தச் செம்பழுப்பு திரும்பியபோது உம்மா கையால் தடவித் தடவிப் பார்த்தாங்க.

கண்ணாடியைச் சுற்றியுள்ள கொடிச் செதுக்கலுக்குத் துணி சரிவராது. மெல்லிய தூரிகைதான்.

இழுப்பறைக்கு மெழுகுவர்த்தி தேய்க்கச் சொன்னீங்க. அது பாதிதான் உதவியது. எதிர்பாராதது என்னவென்றால், அடிப்பலகையை யாரோ பிற்காலத்தில் இரும்பு ஆணியால் அடித்திருக்கிறார்கள். கடல் காற்றில் துரு ஊதி மரத்தை விரித்திருந்தது, ஆணியைச் சுற்றிக் கருப்புக் கறை. ஆசாரி அவற்றைப் பிடுங்கிப் பித்தளைத் திருகு போட்டார். இப்போது ஒரு விரலால் இழுத்தாலே வருகிறது. கறை மட்டும் போகவில்லை, அதை அப்படியே விட்டுவிட்டோம்.