நாய்க்குட்டிகளைத் தல்லாகுளம் கொண்டுபோக ஆட்டோ வேண்டும்

வணக்கம் மக்களே. மதுரை விளாங்குடியில் எங்கள் தெரு செவலை நாயையும் அதன் நாலு குட்டிகளையும் தல்லாகுளம் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும், நாயை ஏற்றத் தயங்காத ஆட்டோ அண்ணன் யாராவது தெரிந்தால் சொல்லுங்கள், கேட்கிற வாடகையைக் கொடுத்துவிடுகிறேன். இவற்றுக்குச் சோறு வைத்த எதிர்வீட்டு அக்கா இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறார். அவருக்கு மருந்து, ரேஷன் வாங்குவதும் இப்போது நான்தான், நடுவில் வீட்டிலிருந்தே கணினியில் அச்சுப் பக்கம் அமைக்கிற டிடிபி வேலை, அச்சகத்திலிருந்து புரூஃப் கேட்டு போன் மேல் போன்.

குட்டிகளுக்கு மூன்று மாதம் ஆகிவிட்டது, வெறிநோய்த் தடுப்பூசி போடுகிற வயது. டியூஷன் போகும் பிள்ளைகளின் செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகின்றன, பெற்றவர்கள் பயப்படுவது நியாயம்தான். ஆனால் சாக்கில் கட்டி வைகைக் கரையில் விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வதற்கு மனசு ஒப்பவில்லை. 2023 விலங்குகள் இனப்பெருக்கக் கட்டுப்பாட்டு விதிகளின்படி, கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த தெருநாயைப் பிடித்த இடத்திலேயேதான் திரும்ப விட வேண்டும்.

அப்புறம், தாய் நாய்க்குக் கருத்தடை செய்த அனுபவம் உள்ளவர்கள் யாரை அணுகினீர்கள், தையல் ஆறும்வரை எங்கே வைத்திருந்தீர்கள் என்று எழுதுங்கள். சாயங்காலம் மட்டும் பால்சோறு வைக்கப் பக்கத்தில் யாராவது வந்தாலும் பெரிய உதவி.