பொருள்: அக்ரோபாட் – அவசரம்!

அன்பர்களே, கலை வரலாற்றுப் பாடநூல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு ஓவியங்களில் மாட்டிக்கொண்டேன். பிரெஞ்சு ஓவியர் தெகா வரைந்தது (1879): ஃபெர்னாண்டோ சர்க்கஸின் உச்சியில், கயிற்றைப் பல்லால் கடித்துத் தொங்கும் மிஸ் லாலா. பிக்காசோ வரைந்தது (1905): வெட்டவெளியில் ஒரு குழு, ஒருவரும் வித்தை காட்டவில்லை. 'அக்ரோபாட்' என்பதற்கு இரண்டுக்கும் பொருந்தும் ஒரே தமிழ்ச்சொல் வேண்டும். 'கழைக்கூத்தாடி' சரிதானா?
– தே.

> கழைக்கூத்தாடி

கழை என்றால் மூங்கில். லாலாவிடம் மூங்கில் ஏதம்மா? குறுந்தொகை 7இல் 'ஆரியர் கயிறாடு பறை' வருகிறது. 'கயிறாடுநர்' என்க.
– புலவர் ந.

பிக்காசோவின் ஆட்களிடம் கயிறும் இல்லையே ஐயா. கிரேக்கத்தில் 'அக்ரோஸ்' நுனி, உச்சி, பிற்பாதி நடத்தல். ஆக, 'நுனிநடையர்'. அந்த அக்ரோஸ் நம் 'அஃகு'தான் என்பது என் நெடுநாள் துணிபு. 'அஃகி அகன்ற அறிவு' (குறள் 175) காண்க. அஃகியது கூர்ந்தது, கூர்ந்தது நுனி. தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.
– மா.

தயவுசெய்து வேண்டாம். நுனி என்றாலே 'நுனிக்கொம்பர் ஏறினார்' (குறள் 476) நினைவுக்கு வருகிறது. அடுத்த அடியில் உயிர் போய்விடும். தொழிலுக்கு நல்ல பெயர்தான்! பேத்தியிடம் படத்தைக் காட்டினேன். 'சர்க்கஸ்காரி' என்றாள். பிள்ளைகளுக்குப் புரிவதைப் போடுங்கள்.
– சு.

> சர்க்கஸ்காரி

யானைக்குத் தீனி போடுபவரும் சர்க்கஸ்காரர்தானே? தவிர, பிக்காசோ வரைந்தவர்கள் 'சால்டிம்பாங்க்'. இத்தாலிய வேரில் 'பலகைமேல் குதிப்பவர்' என்று பொருள். ஊர் ஊராகப் போய்த் தெருவில் வித்தை காட்டிப் பிழைத்தவர்கள். கழைக்கூத்துக்கு இதைவிட நெருங்கிய உறவு வேண்டுமா? மூங்கில் இல்லாவிட்டால் என்ன, எள்ளின் நெய்யான எண்ணெய் தேங்காய்க்கும் ஆகவில்லையா? ஆனால் 'கூத்தாடி' இன்று வசவு. 'கழைக்கூத்தர்' என்று போடுங்கள்.
– அ.

எண்ணெய் என்னைக் காப்பாற்றியது. 'கழைக்கூத்தர்' என்றே வைக்கிறேன். லாலாவுக்குப் பெண்பால் தேடினேன்; 'கூத்தி' என்று அச்சில் போட்டால் என் வேலை போய்விடும். அவருக்கும் 'கூத்தர்'தான். தலையாட்டியவர்கள் மூவர், மற்றவர்கள் தூங்கிவிட்டார்கள்போல.
– தே.

தூங்கவில்லை. அவர் கடித்திருப்பது கயிறு.
– புலவர் ந.