தண்ணீர் குடித்த பாடில் போர்ட்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கோ

பத்தரை அடி நீளமான என் பாடில் போர்ட் (மேலே நின்றுகொண்டு துடுப்புப் போடுகிற பலகை) யாழ்ப்பாணத்துப் பண்ணைக் கடலில் ஒரு பக்கம் சரியத் தொடங்கியபோது, காற்றுத்தான் காரணம் என்று நினைத்தேன். சோழகம் நன்றாக வீசிக்கொண்டிருந்த நேரம். மண்டைதீவுப் பக்கம் போய்த் திரும்புகிற நேரத்தில் பாதித் தூரந்தான் ஓடியிருந்தேன். கரைக்கு வந்து தூக்கினால், வழக்கமாக ஒரு கையில் இடுக்கிக்கொண்டு நடக்கிற சாமானுக்கு இரண்டு கையும் போதவில்லை. வால் பக்கம் சரித்துக் குலுக்கிப் பார்த்தேன். சத்தம் ஒன்றும் இல்லை. சரி, உள்ளே தண்ணீர் இல்லை என்று வீட்டுக்குக் கொண்டு போய்விட்டேன். அங்கேதான் பிழை விட்டேன்.

இந்தப் பலகைகளுக்குள் வெற்றிடம் கிடையாது. உள்ளே இருப்பது நாங்கள் ரெஜிபோம் (தெர்மோகோல்) என்று சொல்கிற அதே வெள்ளைச் சாமான். அதைச் சுற்றிக் கண்ணாடி இழைத் துணியும், அதை ஒட்டி இறுக்குகிற எபொக்சி ரெசின் என்ற பசையும். தண்ணீர் ரெஜிபோமின் சின்னச் சின்ன மணிகளுக்கு இடையிலுள்ள இடுக்குகளில் ஊர்ந்து பரவும். அதனால் குலுக்கினால் சத்தம் வராது. தராசில் போட்டால்தான் தெரியும். குருநகரில் மீன் நிறுக்கிற தொங்கு தராசில் கயிறு கட்டித் தூக்கினோம். 16 கிலோ 300 காட்டியது. வாங்கிய அன்று 11 கிலோ 800. நாலரைக் கிலோ கடல் உள்ளே இருந்திருக்கிறது.

தண்ணீர் எந்த வழியால் உள்ளே போனது என்று தேட இரண்டு நாள் எடுத்தது. மேலே ஒரு கீறல் இருந்ததால் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது மேற்பூச்சோடு நின்ற கீறல். உண்மையான இடம் அடியில், பலகை நேராக ஓடப் பூட்டுகிற செட்டையைப் பொருத்துகிற பெட்டியின் ஓரம். வெயிலில் காய்ந்த பிறகு அந்த ஓரத்தில் மயிர் அளவு கோடு ஒன்று வெள்ளையாக உப்புப் பூத்துக் கிடந்தது. எங்கள் கடல் அப்படி. பல இடங்களில் முழங்கால் அளவு தண்ணீர்தான். ஒன்பது அங்குலச் செட்டை தரையில் முட்டும்போது பலகை சட்டென்று நிற்கும், உங்கள் பாரம் முழுக்க அந்தப் பெட்டியில் இறங்கும். ஆழமான கடலுக்குச் செய்த செட்டையோடு பண்ணையில் ஓடியது என் தவறு.

வெயிலும் சேர்ந்துகொண்டது. வான் வண்டியின் கூரையில் கட்டி வைத்த பலகைக்குள் காற்று சூடாகி விரியும். அதே சூட்டோடு தண்ணீரில் இறக்கினால் காற்று சுருங்கும். சின்ன ஓட்டை இருந்தால் அது வழியாகக் கடலை உறிஞ்சி இழுக்கும். இப்போது நிழலில் பத்து நிமிடம் வைத்துத்தான் இறக்குகிறேன்.

திருத்துகிற கதைதான் முக்கியம். யாழ்ப்பாணத்தில் பைபர் போட் ஒட்டத் தெரிந்தவர்களுக்குக் குறைவில்லை. எனக்குத் தெரிந்த அண்ணை ஒருவர் கையோடு ரெசினும் பைபர் துணியும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். “இது அரை மணித்தியால வேலை, தம்பி” என்றார். போட்டுக்குப் போடுகிறது பொலியெஸ்டர் ரெசின். எனக்கு ஒரு சந்தேகம் இருந்ததால், மீன் பெட்டியில் உடைந்த ரெஜிபோம் துண்டு ஒன்றை எடுத்து ஒரு சொட்டு விடச் சொன்னேன். அந்த இடம் பொசுங்கினது போலக் கீழே இறங்கியது. சற்று நேரத்தில் விரல் நுழைகிற குழி. பொலியெஸ்டர் ரெசினில் இருக்கிற ஸ்டைரீன் என்ற திரவம் ரெஜிபோமைக் கரைத்துவிடும். அவர் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல காலம், உன்ர பலகையில விடேல்ல” என்றார். கொழும்பிலிருந்து எபொக்சி எடுப்பித்துக் கொடுத்தேன். வேலையை அவரேதான் செய்தார், அவ்வளவு சுத்தமாக.

ஆனால் ஒட்டுவதற்கு முன் ஒன்பது கிழமை காய்ந்தது. வெடித்த ஓரத்தை வெட்டித் திறந்து, வால் கீழே இருக்க விறாந்தையில் சாய்த்து, ஃபேன் போட்டு விட்டேன். முதல் நாள் சொட்டியது, பிறகு கசிந்தது. ஞாயிறுதோறும் நிறுத்து எழுதி வைத்தேன். மூன்று கிழமை தொடர்ந்து ஒரே நிறை வந்த பிறகுதான் மூடினோம்: 12 கிலோ 100. ஈரத்தோடு மூடினால் தண்ணீர் உள்ளேயே அடைபடும், வெயிலில் மேல்தோல் ரெஜிபோமை விட்டுக் கழன்று எழும்பும்.

காரைநகரிலிருந்து பதில்

அண்ணை, தோல் எழும்புவதை நான் கண்ணால் கண்டவன். ஓட்டை எங்கே என்று பார்க்கச் சவர்க்கார நுரை பூசி, வென்ட் ஸ்குரூ (உள்ளே இருக்கிற காற்று வெளியேறத் திறக்கிற திருகு) துளை வழியாகக் காற்று அடித்தோம். அந்த யோசனை சரிதான். ஆனால் நாங்கள் பிடித்தது டயர் கடைக் கொம்பிரசர். ஒரு செக்கன்தான். பலகையில் நாங்கள் கால் வைத்து நிற்கிற இடத்தில் தோல் அப்பளம் போல உப்பி எழும்பியது. அழுத்தினால் உள்ளே போகும், விட்டால் மேலே வரும். அந்தப் பலகையைத் திருத்தவே முடியவில்லை. வாயால் ஊதுகிற அளவு காற்றுப் போதும். தயவுசெய்து அதற்கு மேல் போகாதேங்கோ.

வேலணையிலிருந்து பதில்

என்னுடையது காற்றடிக்கிற பலகை. அதற்கு இந்தக் கரைச்சல் வராது என்று நினைத்திருந்தேன். சாட்டிக் கடற்கரையில் ஈரமான பம்பால் காற்றடித்து அடித்து, உள்ளே கோப்பையளவு தண்ணீர் சேர்ந்துவிட்டது. இதில் குலுக்கினால் சத்தம் கேட்கும். மேல்தோலையும் கீழ்த்தோலையும் பிடித்துக்கொண்டு உள்ளே ஆயிரக்கணக்கான நூல் இருக்கிறது. அந்த நூல் ஈரத்தோடு சுருட்டப்பட்டுக் கிடந்தால் மணக்கத் தொடங்கும். வால்வைத் திறந்து, அதைக் கீழே பிடித்து வடித்து, இரண்டு நாள் உலர்ந்த காற்றை அடித்து அடித்து விட்டேன். இப்போது குழாயைத் துடைக்காமல் பம்பைப் பூட்டுவதில்லை.

முதலில் எழுதியவர்

தம்பி, அந்தக் கொம்பிரசர் கதையை வாசிக்க மனம் கனத்துப் போனது. என் பலகை போன கிழமை தண்ணீரில் இறங்கியது. நாலரை அங்குலச் செட்டை போட்டிருக்கிறேன். நேராக ஓடக் கொஞ்சம் கூடத் துடுப்பு மாற்ற வேண்டியிருக்கிறது, ஆனால் தரையில் முட்டவில்லை. நேற்று நிறுத்தேன்: 12 கிலோ 100.