பெரியப்பாவின் தங்க ஒமேகா: மும்பையில் நம்பிக்கையான வாட்ச் மெக்கானிக் தேவை

வணக்கம். மாட்டுங்காவிலிருந்து எழுதுகிறேன். பெரியப்பா கட்டியிருந்த ஒமேகா கான்ஸ்டலேஷன் வாட்ச் (கை அசைவில் தானாகவே சாவி ஏறும் ஆட்டோமேட்டிக்) இப்போது என்னிடம் இருக்கிறது. ராத்திரி கழற்றி வைத்தால் இரண்டு மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. கையில் கட்டியிருந்தால் ஓடுகிறது.

போன வாரம் ஒரு கடையில் மூடியைத் திறந்தார்கள். உட்புறத்தில் 18 காரட் தங்கத்துக்கான அந்தக் கால சுவிஸ் முத்திரை, ஒரு பெண்ணின் தலை, இன்னும் அழியாமல் இருந்தது (14 காரட் என்றால் அணில் இருந்திருக்கும்). செம்பு நிற மெஷின், ஒமேகாவின் 561 மாடல், தேய்மானத்தைக் குறைக்கும் கற்கள் 24 (24 ஜுவல்). பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. ஆனால் கடைக்காரர் மெஷினைக் கவனிக்கவே இல்லை. டயலுக்குப் புது பெயிண்ட் அடித்து, கேஸைப் பாலிஷ் போட்டுத் தருகிறேன் என்றார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பன்னிரண்டு பட்டையாக ஓரத்தில் சரியும் டயல் அது. ஆறு மணிக்குப் பக்கத்தில் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, இருக்கட்டும். பெயிண்ட் அடித்தால் அந்தப் பட்டையின் கூர்மை போய்விடும். பாலிஷ் போட்டால் தங்கமும் தேயும். பழைய சாமான் விற்கும் சோர் பஜாரில் அப்படிப் பளபளக்கும் வாட்ச்கள் எத்தனையோ பார்த்தாயிற்று.

எனக்கு வேண்டியது மெஷினைப் பிரித்துச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு, தேவையென்றால் ஸ்பிரிங் மட்டும் மாற்றித் தருபவர். ஃபோர்ட், தாதர் பக்கம் நீங்களே கொடுத்து வாங்கிய ஆள் யாராவது உண்டா? என்ன செலவானது? கழற்றிய பழைய பாகங்களைத் திருப்பித் தந்தாரா? தை மாதம் மகனுக்குக் கல்யாணம், அதற்குள் அவன் கையில் கட்டிவிட வேண்டும்.