யூதிஃப்ரோ கேள்விக்கு மீட்டர் கட்டை உவமை போதுமா?

வணக்கம். ஒழுக்க வாதம் தெரிந்ததுதான்: கடவுள் இல்லையென்றால் புறநிலை அறம் (யார் என்ன நினைத்தாலும் மாறாத அறம்) இல்லை, புறநிலை அறம் உண்டு, ஆகவே கடவுள் உண்டு. அறம் சமூகத்துக்குச் சமூகம் மாறும் என்னும் சார்பியல்வாதி இரண்டாம் கூற்றை மறுப்பார். அவருக்குப் பதில் சொல்வது சுலபம்: வழக்கங்கள் வேறுபடுவதால் மட்டும் உண்மை இல்லையென்று ஆகிவிடாது.

சிக்கல் முதல் கூற்றில்தான். கடவுள் கட்டளையிட்டதால் ஒன்று நல்லதா, அது நல்லது என்பதால் கட்டளையிட்டாரா என்ற, பிளேட்டோவின் 'யூதிஃப்ரோ' உரையாடலிலிருந்து வரும் கேள்விக்கு, "கடவுளின் இயல்பே நன்மையின் அளவுகோல்" என்கிறோம். ஒரு மீட்டர் எவ்வளவு என்பதையே நிர்ணயித்த பாரிஸ் மீட்டர் கட்டையைப் போல, அதற்கும் மேலே வேறு அளவுகோல் கிடையாது என்பது மெய்யியலாளர் வில்லியம் ஆல்ஸ்டனின் உவமை. ஆனால் அந்தக் கட்டை மனிதர் தேர்ந்தெடுத்தது. 1960-இல் மீட்டரின் வரையறையை மாற்றியும் விட்டார்கள். (உவமைக்கு இதைவிடத் தோதில்லாத பொருள் கிடைத்திருக்காது!) அப்படியானால் கடவுளின் இயல்பும் தற்செயல்தானே என்பார்கள்.

இதற்கு வட்டவாதம் இல்லாமல் எப்படிப் பதில் சொல்வது? எரிக் வீலன்பெர்க் போன்ற, கடவுள் இல்லாமலே புறநிலை அறம் உண்டு என்னும் அற மெய்ம்மைவாதிகளையும் கணக்கில் எடுத்துச் சொல்லுங்களேன்.